பூனைகளுக்குப் பேசிய அத்தை

அத்தையிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால் பதில் வராது. தலையை ஆட்டுவாள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனால் அவள் இடுப்பில் இருக்கும் பித்தளைக் குடத்தைக் காட்டி, "குடம் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். குடம் உடனே பேசும். மூக்கால் பேசும். "புளி போட்டுத் தேய்ச்சு எத்தனை நாளாச்சு! இந்த அகத்திலே என்னை ஒரு மனுஷியா யாராவது நினைக்கறாளோ?" என்று புலம்பும். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அத்தை மட்டும் குடத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அண்ணன் குழந்தைகள் அத்தை என்றன; அதைக் கேட்டுத் தெருவும் அத்தை என்றது; அவளைவிட மூத்தவளான நானும் அத்தை என்றே கூப்பிட்டேன். பதிலுக்கு அவள் என்னை அக்கா என்றாள். உறவு முறை தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நான் நாகர்கோவில்காரி. என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் பயாஸ்கோப் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தார். கிழக்கேகோட்டையைத் தாண்டிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் இருந்த தகரக் கொட்டகை அது. படங்கள் ஊமையாக ஓடிய காலம். பெண்களுக்குத் தனி வாசல், தனிப் பாய். அந்த வாசலில் டிக்கெட் கொடுக்கும் வேலை எனக்கு. என்னை ஏமாற்றி ஒரு கைக்குழந்தைகூட உள்ளே போனதில்லை என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

ஊமைப் படத்துக்குக் கதை சொல்ல ஒரு வாத்தியார் இருந்தார். பழைய நாடகக்காரர். கையில் பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்று, "மகாஜனங்களே!" என்று தொடங்கினாரென்றால் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். ராவணன் வந்தால் கொட்டகை நடுங்கும். சீதை அழுதால் பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் எழும். அப்பேர்ப்பட்ட மனுஷரை ஒரு பூனை கவிழ்த்துவிட்டது.

எங்கிருந்தோ முதலாளி ஒரு பொம்மைப் படம் வாங்கி வந்திருந்தார். கையால் வரைந்த பூனைகள் ஓடும், குதிக்கும், அழும். அப்பா பூனை, அம்மா பூனை, மூன்று குட்டிகள். குட்டிகள் பால் பானையைக் கவிழ்க்கும், அப்பா பூனை அவற்றை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும், மழை கொட்டும், அம்மா பூனை கதவுக்கும் புருஷனுக்கும் நடுவே அல்லாடும், கடைசியில் அப்பா பூனை கதவைத் திறக்கும். இவ்வளவுதான் படம். சாமி படத்துக்கு முன்னால் ஜனங்கள் சிரிக்கட்டும் என்று இதைப் போடச் சொன்னார் முதலாளி.

வாத்தியார் பிரம்பை நீட்டினார். "மகாஜனங்களே! இதோ, இது ஒரு பூனை. அது அதனுடைய தர்மபத்தினி. இப்போது பூனை நடக்கிறது. இப்போது பூனை நிற்கிறது." கொட்டகையில் ஒரு சிரிப்பு இல்லை. ஒருவர் இருமினார். அப்பா பூனை ஒரு காலிச் சட்டியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தது. அப்போது பெண்கள் பாயிலிருந்து ஒரு குரல், சுத்தமான அக்கிரகாரத்து ஆண் குரல், மெதுவாகக் கேட்டது: "ஏண்டி, மடியா எடுத்து வெச்ச மீன் எங்கேடி?"

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. ஆண்கள் பக்கத்தில் அந்தக் குரல் காதில் விழாதவர்களும் பெண்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வாசலை விட்டு உள்ளே ஓடி வந்து யார் என்று தேடினேன். சாமி படம் என்று கோட்டைக்குள் தெருவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், பெண்களும் குழந்தைகளும் மட்டும். சின்ன வயசிலேயே தாலி அறுத்த பெண் ஒருத்தி, முக்காடு போட்ட வெள்ளைப் புடவையில், பாயில் கோலம் போடுவதுபோல் விரலால் கோடிழுத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அத்தை. பக்கத்தில் அவள் அண்ணன் மனைவி, மன்னி, இல்லாத தூசியைக் குழந்தையின் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். யார் பேசியது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் குளக்கரையில் அத்தையைப் பிடித்தேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பூனைகளுக்குப் பேச வேண்டும், யாருக்கும் தெரியாது, வாத்தியாரே பேசுகிறார் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள் என்று சொன்னேன்.

"ஐயோ, அண்ணா!" என்றாள்.

அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம். கெட்ட மனுஷரில்லை, குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் அந்த வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தாலும், "ம்? யாரைக் கேட்டுண்டு திறந்தே?" என்பார். விளக்கேற்றினால் யாரைக் கேட்டுண்டு. குழந்தை தும்மினால் யாரைக் கேட்டுண்டு. தங்கையை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார் என்று ஊருக்கெல்லாம் அவர்மேல் மரியாதை. "தெருவிலே இவ பேரு அடிபட்டுதுன்னா அடுத்த ரயில்லே புக்காத்துக்கு ஏத்திடுவேன்" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். புக்ககம் திருநெல்வேலிப் பக்கம். அங்கே அவள் கொஞ்ச காலம் இருந்திருக்கிறாள். அதைப் பற்றி நான் கேட்டபோது குடம்கூடப் பேசவில்லை. நான் வேறு பேச்சு பேசினேன்.

அத்தனை பயத்தோடும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "திரைக்குப் பின்னாலேன்னா, சிரிக்கறது நன்னாக் கேக்குமோ அக்கா?"

அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டாள். பாகவதம் வாசிக்கிற வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள். பூனைப் படம் முடிந்ததும் போய்ப் பாகவதத்தில் பாதியாவது கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். அவளுக்குப் பொய் பாதி, பாகவதம் பாதி. கூலி பேசியபோது, எறும்பு கடிக்காமல் உட்கார ஒரு மணை மட்டும் கேட்டாள்.

அந்தக் காலத்துத் திரை வெறும் துணி. வெளிச்சம் நன்றாக எடுக்கட்டும் என்று படம் தொடங்குமுன் என் வீட்டுக்காரர் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவள்மேலும் கொஞ்சம் சொட்டும். பின்னாலிருந்து பார்த்தால் படம் தெரியும், ஆனால் இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முதல் நாள் அம்மா பூனை, "வலப்பக்கம் போகாதேடா கண்ணா, இடப்பக்கமாப் போ" என்று குழந்தைக்குச் சொன்னது. குட்டி ஜனங்கள் கண் முன்னால் நேராக வலப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. கொட்டகை அதிர்ந்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி, "எங்க வீட்டுப் பய இதேதான்!" என்று கத்தினாள். அத்தைக்குத் தான் செய்த தப்பு அப்புறம்தான் புரிந்தது. புரிந்தபின் அதை விடவே இல்லை. அம்மா பூனை சொன்னதற்கு எதிர்ப்பக்கம்தான் அந்தக் குட்டி கடைசி வரைக்கும் போனது.

எங்களிடம் இருந்தது அந்த ஒரே பொம்மைப் படம்தான். சாமி படம் மாறும், பூனை மாறாது. மாறாத பூனையைப் பார்க்க வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் வந்ததென்றால் அதற்குக் காரணம் அத்தை. ஒரு வாரம் பூனைக் குடும்பம் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடும். இன்னொரு வாரம் ஊட்டுப்புரையில் ராஜா வீட்டு இலவசச் சாப்பாட்டுக்குப் போய் வந்த அப்பா பூனை, "காளன் தண்ணி. பிரதமன்லே வெல்லம் போறாது. ஓசிச் சாப்பாடுன்னா ஒரு பொறுப்பு வேண்டாமோ?" என்று கோபிக்கும். மூன்றாவது இலை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களே அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பால்காரி குரல், வேலைக்குப் போகிற மலையாளத்து நாயர் குரல், ஜோசியர் குரல், எல்லாம் அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வரும். எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர் குரலைக் கண்டுபிடித்தார்கள். தன் குரலைக் கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை. ஜோசியர் என்னிடமே வந்து, "யாரோ ஒரு தொண்டை கட்டின கிழவனைப் போலப் பேசறாரே வாத்தியார், பிரமாதமாக்கும்" என்றார்.

வாத்தியாருக்கு முதலில் கோபம்தான். பிறகு ஜனங்கள் அவர் கையைப் பிடித்துப் பாராட்டத் தொடங்கியதும் கோபம் போயிற்று. இருட்டில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கப் பழகினார். ஒரு நாள் அத்தையிடம், "அம்மா, நீங்க இல்லேன்னா என்னைப் பெஞ்சைப் பிடுங்கி அடிப்பா" என்றார். அத்தை தலையை ஆட்டினாள். பக்கத்தில் கிடந்த அவருடைய பிரம்பு, "அப்போ என்னையும் கூடவே அடிப்பாளோ சாமி?" என்று கீச்சுக் குரலில் கேட்டது. அந்த மனுஷர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அண்ணா வந்துவிட்டார். கச்சேரியில் யாரோ பூனைப் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் வாசலில் அவரும், என் வாசலில் மன்னியும் மூன்று குழந்தைகளும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினேன்.

"அத்தை, அண்ணா வந்தாச்சு. மன்னி, பிள்ளைகள் எல்லாம்."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் போயிடறேன் அக்கா" என்று எழுந்தாள். வெளியே போக என் வாசல்தான் வழி. வாசலுக்குப் பக்கத்திலேயே மன்னி பாய் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மணி அடித்துவிட்டது. திரையில் வெளிச்சம் விழுந்துவிட்டது. வாத்தியார் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கை கூப்பினார். நான்தானே அவளைக் கூட்டி வந்தவள்! ரயில் புறப்படுகிற சத்தம் காதில் கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

அத்தை மணையில் உட்கார்ந்தாள். பேசத் தொடங்கினாள்.

பத்திரமாகத்தான் பேசினாள். அப்பா பூனைக்கு வாத்தியாருடைய குரலையே கொடுத்தாள். அம்மா பூனையைப் பேசவே விடவில்லை. ஆனால் சின்னக் குட்டி பானைமேல் ஏறும் இடத்தில், பழக்க தோஷம், மழலையாக, "நான் இல்லே, பானைதான் என்னைத் தள்ளித்து" என்று சொல்லிவிட்டாள். குழந்தைகளைத் தூங்கப் பண்ணும்போது தினமும் அவள் பேசுகிற மழலை அது. பெண்கள் பாயிலிருந்து அண்ணாவின் கடைசிக் குழந்தை எழுந்து நின்று, கையைத் தட்டிக்கொண்டு, "அம்மா, அத்தை! அத்தை பூனை!" என்று கூவியது.

கொட்டகை திரும்பிப் பார்த்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு "ம்?" கேட்டது. நிஜமான "ம்?".

அடுத்த நொடி திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு "ம்?" வந்தது. "அங்கே என்ன சத்தம்? யாரைக் கேட்டுண்டு கத்தறே? உக்காரு!"

குழந்தை சட்டென்று உட்கார்ந்தது. மற்ற இரண்டும் கையைக் கட்டிக்கொண்டன. மன்னிகூட முதுகை நிமிர்த்தினாள். விஷயம் தெரியாத ஜனங்கள், பூனை ஒரு குழந்தையை அதட்டி உட்கார வைத்துவிட்டது என்று கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். அத்தைக்கு அதற்குமேல் திரும்ப வழியில்லை. படம் முடிகிற வரைக்கும் அப்பா பூனை அண்ணாவின் குரலிலேயே பேசியது. "பாலைக் கொட்டினேளே, யாரைக் கேட்டுண்டு? மழை பெய்யறதே, யாரைக் கேட்டுண்டு?" தூணோரமாக நின்று ஆண்கள் பக்கம் பார்த்தேன். அண்ணா தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாமி படம் தொடங்கி எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த சமயம் அத்தையை இருட்டில் அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மன்னியை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. மன்னி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கால்களை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். கடைக்குட்டியின் முகத்தைத் தன் தலைப்பால் மூடி, "கண்ணை மூடிக்கோடா, தூசி விழும்" என்றாள்.

படம் விட்டதும் அண்ணா குடும்பத்தை அழைத்துப் போக என் வாசலுக்கு வந்தார். "ஏம்மா, பூனைக்குப் பேசறது வாத்தியார்தானே?"

"வாத்தியார்தான் சாமி."

"கொள்ளாம். ரொம்ப நன்னாப் பேசறார். ஆனா அந்த அப்பா பூனை கொஞ்சம் அதிகப்படி. ஒரு கிருகஸ்தன் எங்கேயாவது அப்படிப் பேசுவானோ?"

சொல்லிவிட்டு வண்டி பார்க்கப் போனார். மன்னி ஒரு கணம் பின்தங்கினாள். "அந்த அம்மா பூனை இன்னிக்கு வாயே திறக்கலியே" என்றாள், என் காதுக்கு மட்டும்.

"என்ன பேசணும்னு சொல்லுங்க, சொல்லிப் போடுகேன்."

"பேசறவளுக்குத் தெரியும்" என்றாள் மன்னி. அவள் குரலை நான் சரியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை வரமாட்டாள் என்றுதான் இருந்தேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து நின்றாள். "நான் பொறுக்கிண்டிருந்த அரிசியை மன்னி கையிலேருந்து பிடுங்கிண்டுட்டா அக்கா. பாகவதத்துக்கு நாழியாச்சு, போன்னுட்டா" என்றாள். கண் கலங்கியிருந்தது. அண்ணாவும் வந்தார், கச்சேரி நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு, பூனையைக் காட்ட. மன்னியும் குழந்தைகளும் அதே பாயில்.

மழை வரும் இடம் வந்தது. குட்டிகள் வெளியே நனைகின்றன. அம்மா பூனை கதவுக்கு ஓடுகிறது. "ம்? யாரைக் கேட்டுண்டு போறே?" என்றது அப்பா பூனை.

அம்மா பூனை திரும்பி நின்றது. தாழ்ந்த, நிதானமான ஒரு பெண் குரல் வந்தது. அதில் வேடிக்கை இல்லை. "உங்களைக் கேட்டுண்டுதான் இத்தனை வருஷமா மூச்சு விடறேன். இன்னிக்குக் கேக்கலை. குழந்தைகள் நனையறது. கதவைத் திறங்கோ."

திரையில் அப்பா பூனை மீசை தொங்கக் கதவைத் திறந்தது. பிறகு பெண்கள் பாயில் யாரோ ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள். மன்னி சிரிக்கவில்லை. மடியில் இருந்த குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

படம் விட்டு அண்ணா வந்தார். "அந்த அம்மா பூனை யார் குரலம்மா? எங்கேயும் கேட்ட குரலா இல்லையே" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் மன்னி பேசினாள். "நாழியாச்சு. குழந்தைகளுக்குத் தூக்கம் வந்துடுத்து. வாங்கோ, போகலாம்."

அதே குரல். தாழ்ந்து, நிதானமாக. அண்ணா மனைவியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்த முகத்தில் தெரிந்தது. இனி ரயில்தான் என்று நினைத்தேன். மன்னி அசையாமல் நின்றாள். தூங்கிவிட்ட கடைக்குட்டியை அவர் அவள் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த வாரம் முழுக்க நான் குளக்கரைக்குப் போகவில்லை. அத்தை அங்கே இல்லையென்றால் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். கையில் அரிக்கேன் விளக்கோடு அண்ணா வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் பின்னால் முக்காடிட்ட வெள்ளைப் புடவை. என் வாசலில் வந்து நின்று, தங்கையின் முகத்தைப் பாராமலே, "போ. முடிஞ்சதும் இங்கேயே நிப்பேன். இருட்டிலே தனியா நடக்கப்படாது" என்றார். அத்தை உள்ளே போனாள். அவருக்கு டிக்கெட் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பெண்கள் வாசலில், நாலு பேர் பார்க்க, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது. தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய குரல் வந்தது, குட்டிகளை அதட்டிக்கொண்டு. படம் கண்ணுக்குத் தெரியாமல் வெறும் குரலை மட்டும் அவர் கேட்டது அன்றைக்குத்தான். ஜனங்கள் உருண்டு சிரித்தார்கள். அவர் வெகு நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஏம்மா" என்றார் கடைசியில். "நான் அப்படியா பேசறேன்?"

"இல்லே சாமி" என்றேன். "அத்தை கொஞ்சம் குறைச்சுத்தான் பேசுகா."